எது கிட்ட இருக்கோ அது

ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்காரச் சொல்லிவிட்டுப் போன ஜெசிந்தா சிஸ்டரை இன்னும் காணவில்லை. மணி பத்து நாற்பது. நான் குடித்து முடித்தது ஒன்பதரைக்கு. டாக்டர் வசுமதி லேபர் வார்டில் ஏதோ அவசரக் கேஸில் இருக்கிறாராம், வந்ததும் முதல் ஆள் நான்தானாம். அடிவயிறு கல்லாக இறுகிக் கிடக்கிறது. கால்மேல் கால் போட்டால் கொஞ்சம் தேவலை, எடுத்தால் மோசம். எதிர்ச்சுவரில் தொங்குகிற டிவியில் யாரோ வெண்டைக்காய் நறுக்குகிறார்கள், சத்தத்தை அணைத்து வைத்திருக்கிறார்கள், வாய் மட்டும் அசைகிறது. மூத்திரப்பை இப்படி வீங்கி நிற்க, அதற்குப் பின்னாலேயே மூன்று பேர். அவர்களுக்கு இந்த நெரிசல் தெரியுமா. தெரியாது, பன்னிரண்டு வாரத்தில் ஒன்றும் தெரியாது, அது எனக்கு நன்றாகத் தெரியும். நான் மருந்தாளுநர், பதினைந்து வருஷமாகத் தாலுகா ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறவள். இருந்தாலும் கேள்வி வருகிறது. பேர் என்று ஏன் சொன்னேன். மூன்று கரு என்று சொல், பூங்கொடி. ரிப்போர்ட்டில் அப்படித்தான் இருக்கிறது, ஏ, பி, சி. கணக்கு வாத்தியார் முக்கோணத்துக்குப் போடுகிற எழுத்துகள். ஏ கீழே, கர்ப்பப்பை வாய்ப் பக்கம். பி இடது பக்கம். சி மேலே. மூன்றும் ஒரே அளவு, மூன்றுக்கும் துடிப்பு நன்றாக இருக்கிறது, கோளாறு தெரிய அளந்து பார்க்கிற கழுத்துச் சதையும் மூன்றுக்கும் சரியாக இருக்கிறது. ஒன்றிலாவது ஏதாவது கோளாறு இருந்திருக்கக்கூடாதா என்று போன வாரம் ஸ்கேன் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நான் தேடினேன். பெற்ற, இல்லை, பெறப்போகிற ஒருத்தி தன் பிள்ளைகளில் கோளாறு இருக்கிறதா என்று ஆசையாகத் தேடினேன். இதை யாரிடம் சொல்வது.

டெஸ்ட் டியூப் முறையில் ஐந்தாவது தடவை இது. ஒன்பது வருஷத்தில் ஐந்து தடவை. நான்கு தடவையும் இரண்டிரண்டு கரு வைத்தார்கள், நிற்கவில்லை. இந்தத் தடவை டாக்டர் சொன்னார், "வயசு நாப்பத்தொண்ணு ஆகுது. மூணு வெச்சுப் பார்க்கலாம், ஒண்ணாவது நிக்கும்." சரி என்றேன். சரி என்று சொல்வதற்குத்தானே அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். மூன்றும் நின்றது. ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்றைக்கு ஜெசிந்தா சிஸ்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், கீழே ஊசி போடுகிற பெண்கள்கூட மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் டாக்டர் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு வேறு குரலில் பேசினார். கட்டி எடுத்த கர்ப்பப்பை, பிரஷர் வேறு, மூன்றைத் தாங்காது, ஆறாம் மாதத்துக்குள் வெளியே வந்துவிட்டால் மூன்றும் போய்விடும். "அதனால ரெண்டா குறைச்சுக்கலாம்." குறைச்சுக்கலாம். டீயில் சர்க்கரையைக் குறைக்கச் சொல்கிறார்கள், சோற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள், நானே நாளுக்கு நூறு தடவை சொல்கிறேன், பெரியவரே உப்பைக் குறைங்க. அந்த வார்த்தையை எடுத்து இங்கே வைக்க முடிகிறது பாருங்கள். கலைக்கிறது என்றால்கூட ஏதோ ஒன்று நடக்கிற மாதிரி இருக்கிறது. குறைக்கிறது என்றால் ஒன்றுமே நடக்காத மாதிரி. எதைக் குறைப்பீங்க டாக்டர் என்று கேட்டேன். "கீழ இருக்கறதத் தொடமாட்டோம், அது ரிஸ்க். மத்ததுல ஊசிக்கு எது கிட்ட இருக்கோ அது." அவர் மோசமானவர் இல்லை. கேட்டதற்கு உண்மையைச் சொன்னார். ஆனால் அந்த ஒரு வரி மூன்று வாரமாக என்னைத் தூங்கவிடாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. எது கிட்ட இருக்கோ அது. பஸ்ஸில் கை நீட்டி யாரையோ இறங்கச் சொல்கிற மாதிரி. ஒரு காரணம் இருந்தால் தேவலை என்று நினைக்கிறேன். காரணம் என்று ஒன்றைக் கற்பனை செய்து பார்த்தால் அது இதைவிடப் பயங்கரமாக இருக்கிறது. என் மாமியார் ஒரு காரணம் சொன்னார். வெங்காயம் உரித்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக, "பொண்ணாப் பார்த்து எடுக்கச் சொன்னா எடுக்கமாட்டாங்களா கண்ணு?" என்றார். அதெல்லாம் சொல்லமாட்டாங்கத்தை, ஜெயிலு என்றேன். "ஓ, அப்படியா" என்று அடுத்த வெங்காயத்தை எடுத்தார். அவருக்குப் பிறந்த நாலு பேரில் மூன்று பேர் பெண்கள்தான், மூன்று பேரையும் உயிராய்த்தான் வளர்த்தார். அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. அவர் சொன்னதில் குறைந்தபட்சம் ஒரு காரணம் இருந்தது, அதுதான் எனக்குக் குமட்டுகிறது.

சம்பத் கீழே ஆதார் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்கிறார். போய் முக்கால் மணி நேரமாகிறது. ஜெராக்ஸ் கடை கேட்டுக்கு வெளியேதான். இரண்டு ஆதார் கார்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகாது என்று எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். காரில் உட்கார்ந்திருப்பார். மோட்டார் காயில் கட்டுகிற மனுஷன், எரிந்துபோன பம்ப்செட்டைப் பிரித்து நாள் முழுக்க எண்ணி எண்ணிச் செப்புக் கம்பி சுற்றுகிறவர், அவ்வளவு பொறுமைசாலி, இந்த நாற்காலியில் பத்து நிமிஷம் உட்கார முடியவில்லை. மூன்று வாரமாக அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். உனக்கு எது சரின்னு படுதோ அது. சாப்பிடும்போது கேட்டாலும் அது, படுக்கும்போது கேட்டாலும் அது. கேட்கிறவர்களுக்கு எவ்வளவு நல்ல புருஷனாகத் தெரியும். என் தங்கச்சி சொல்கிறாள், "மாமா மாதிரி யார்க்கா இருப்பாங்க, உன் உடம்பு உன் இஷ்டம்னு விட்டுட்டாங்கல்ல." விட்டுவிட்டார். சரியான வார்த்தை அதுதான். தராசின் இந்தத் தட்டில் என்னை உட்கார வைத்துவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். வேண்டாம் என்று சொன்னால் சண்டை போடலாம், வேண்டும் என்று சொன்னால் அழலாம், இரண்டும் இல்லாமல் பஞ்சு மூட்டையைக் குத்துகிற மாதிரி எத்தனை நாள் குத்துவது.

முன்பு ஒரு தடவை அவர் பதில் சொல்லியிருக்கிறார். கல்யாணமான முதல் வருஷம். எனக்கு இருபத்தைந்து வயது. அரசு வேலைக்கு ரேங்க் லிஸ்டில் பெயர் வந்திருந்தது, கவுன்சிலிங் எப்போது வேண்டுமானாலும் வரலாம், போஸ்டிங் ராமநாதபுரமோ கிருஷ்ணகிரியோ. நாள் தள்ளிப்போயிற்று. "இப்ப வேண்டாங்க" என்றேன். "ஆமா, இப்ப வேண்டாம்" என்றார் அவரும். இரண்டு பேரும் போனோம், மதியத்துக்குள் முடிந்தது. திரும்பி வரும் வழியில் பசித்தது, பரோட்டா சாப்பிட்டோம், நான் மூன்று சாப்பிட்டேன். அன்றைக்கு நான் அழவில்லை. அதற்கு அடுத்த வருஷமும் அழவில்லை. வேலை கிடைத்தது, சந்தோஷமாக இருந்தேன். இதை இன்றைக்கும் நான் மாற்றிச் சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் புது டாக்டர் ஃபைலைத் திறக்கும்போது, "முன்னாடி ஒண்ணு கலைச்சிருக்கீங்க" என்று வாசித்துவிட்டு ஒரு நொடி நிமிர்ந்து பார்க்கிறார்கள். அந்த ஒரு நொடியில் நான் தலையைக் குனியவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவர்களே சொல்கிறார்கள், கட்டிதான் காரணம், முட்டைகள் குறைவு, இப்படி. சொல்லிவிட்டுப் பார்க்கவும் செய்கிறார்கள். நான்கு தடவை நிற்காமல் போனபோது, நான்கு தடவையும், அந்தப் பரோட்டாக் கடை வாசனை எனக்கு மூக்கில் ஏறியது. என் மூளையே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போய் நிற்கிறது. இல்லை, நான் வருத்தப்படவில்லை. வருத்தப்படவில்லை என்று எத்தனை தடவை சொல்லவேண்டியிருக்கிறது, அதுதான் வருத்தமாக இருக்கிறது. அன்றைக்கு வேண்டாம் என்று நினைத்தேன், வேண்டாம் என்று செய்தேன், அது நேரான காரியம். இன்றைக்கு வேண்டும் என்று நினைத்து வேண்டாததைச் செய்ய வந்து உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு எந்தப் பக்கமும் நேராக இல்லை.

நேரான ஆள் மாதிரி நானும் பேசியிருக்கிறேன். நாலு வருஷம் முன்னால், மூன்றாவது தடவையும் நிற்காமல் போன மாதம், கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு பெண் ஜன்னலுக்கு வந்தாள். மில் யூனிஃபார்ம் கோட்டு, கழுத்தில் தாலி இல்லை. சீட்டு இல்லாமல் கலைக்கிற மாத்திரை கேட்டாள். சீட்டு இல்லாமல் தரக்கூடாது, லேடி டாக்டரைப் போய்ப் பார் என்று சொல்லியிருக்கவேண்டும். அவ்வளவுதான் என் வேலை. நான் அதைச் சொல்லிவிட்டு அதற்குமேலும் சொன்னேன். "ஒரு குழந்தைக்காக ஊர் உலகமெல்லாம் அலையறவங்க இருக்காங்க, உனக்கு அது வேண்டாமாக்கும்." அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, "அவங்களுக்காக நான் பெத்துக்கணுங்களா?" என்றாள். திமிராகச் சொல்லவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள். நான் ஜன்னல் கதவை இழுத்துவிட்டேன். அவள் லேடி டாக்டரைப் பார்க்கப் போனாளா, வேறெங்கே போனாள், தெரியாது. பெயர்கூடக் கேட்கவில்லை. மாத்திரை கொடுக்காதது தப்பில்லை, அந்த வாக்கியம் தப்பு. இப்போது அவள் வந்து இந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, அக்கா உனக்கு மூணு வேணும்னு வெச்சுக்கிட்டு ஒண்ணு வேண்டாமாக்கும் என்று கேட்டால் நான் எந்தக் கதவை இழுப்பது.

"மேடம், சார் எங்கீங்க?" ஜெசிந்தா சிஸ்டர். கையில் ஃபாரம். நான் இரண்டு முறை படித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஃபாரம்தான், கீழே இன்னொரு கோடு காலியாக இருக்கிறது. "சார் கையெழுத்து வேணுங்க. அது இல்லாம ரூமுக்குள்ள விடமாட்டாங்க." "என் கையெழுத்து போதும் சிஸ்டர். சட்டத்துல அப்படித்தான் இருக்கு, நான் மேஜர்." "சட்டம் இருக்குதுங்க மேடம். மேனேஜ்மெண்ட்டும் இருக்குதில்லீங்க." அவரும் நாள் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லி அலுத்தவர், குரலில் கோபம்கூட இல்லை. "சிஸ்டர், எனக்கு அவசரமா வருது." "இன்னும் அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கங்க. டாக்டர் கை கழுவிட்டாங்க." நான் ஃபோன் செய்கிறேன். சம்பத் எடுக்கவில்லை. மறுபடி செய்கிறேன். எடுக்கவில்லை. என் உடம்பு என் இஷ்டம் என்கிற மனுஷரின் கையெழுத்து இல்லாமல் என் உடம்பு அந்த வாசலைத் தாண்டாது. சிரிப்பு வருகிறது, சிரித்தால் தாங்காது.

அவர் லிஃப்டிலிருந்து வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. ஜெராக்ஸ் வியர்வையில் கசங்கியிருந்தது. ஃபாரத்தை நீட்டினேன். பேனாவைத் திறந்தவர் எழுதாமல் நின்றார். "உனக்குச் சரின்னு..." என்று ஆரம்பித்தார். "வேண்டாங்க" என்றேன், மெதுவாக, பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். "அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லாதீங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க, அதைச் சொல்லுங்க. தப்பா இருந்தாலும் பரவால்ல." அவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, கடைசியில் சொன்னார். "நான் ஒண்ணு சொல்லி, நாளைக்கு அது வேற மாதிரி ஆயிட்டா, நீ என்னையப் பார்க்கறப்பெல்லாம் அதுதானே தெரியும்." "இப்ப நான் கண்ணாடியில பார்க்கறப்ப எனக்கு என்னங்க தெரியும்?" அவர் ஃபாரத்தைச் சுவரில் வைத்து நீவினார். "மூணும் வேணும்னு இருக்குது. மூணும் போயிடுமோன்னும் இருக்குது. ரெண்டு வாரமா கடையில ஒரு காயில்கூடச் சரியா சுத்தலை பூங்கொடி" என்றார். அவ்வளவுதான். அதில் எந்த வழியும் இல்லை, நான் நிற்கிற அதே இடம்தான். ஆனால் இந்த மூன்று வாரத்தில் முதல் தடவையாக அந்த இடத்தில் இன்னொரு ஆள் நிற்கிறார். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன என்று கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. கையெழுத்துப் போட்டார். கோணலாக விழுந்தது.

உள்ளே ஏசி உறைகிறது. வயிற்றில் ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்ததும் டாக்டர் வசுமதி முகம் சுளித்தார். "ப்ளாடர் ஏன் இவ்வளவு ஃபுல்லா இருக்கு? யாரு தண்ணி குடிக்கச் சொன்னது? இதுக்கு அது தேவையே இல்லையே. போயிட்டு வாங்க." ஜெசிந்தா சிஸ்டர் ட்ரேயை அடுக்குகிறார். இத்தனை நேரம் பல்லைக் கடித்தது எதற்காகவும் இல்லை, மற்ற ஸ்கேனுக்குச் சொல்கிற பழக்கத்தில் சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான். பாத்ரூமில் உட்கார்ந்து, போகப் போக நிற்காமல் போய்க்கொண்டே இருக்க, எனக்கு அழுகை வந்தது, அது எதற்கான அழுகை என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. திரும்பி வந்து படுத்தேன். ட்ரேயில் சின்னக் கண்ணாடிக் குப்பி. பெயரைப் படிக்கத் தேவையில்லை, தூரத்திலிருந்தே தெரியும். பொட்டாசியம் குளோரைடு. என் அலமாரியில் அதைத் தனித் தட்டில் வைத்திருக்கிறேன், கலக்காமல் நேரடியாகப் போடக்கூடாது என்று நானே சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன், புதிதாக வருகிற நர்ஸுகளுக்கெல்லாம் ஏன் என்று சொல்லித் தந்திருக்கிறேன், இதயம் நின்றுவிடும். "ஸ்கிரீனைத் திருப்பி வெச்சிரட்டுங்களா? பார்க்காம இருக்கறது நல்லது" என்றார் டாக்டர். நல்லது யாருக்கு. "இருக்கட்டுங்க டாக்டர்." "எதுன்னு தெரிஞ்சா பின்னாடி கஷ்டமா இருக்கும்." "தெரியலைன்னா மூணுல எதுன்னு பின்னாடி தேடிட்டே இருப்பேன்." அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு திரையை என் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பினார். மேலே இருந்தது, சி. கையை முகத்துக்கிட்டே வைத்திருந்தது. ஊசி வயிற்றைத் துளைத்தபோது எரிந்தது, பிறகு அழுத்தியது, திரையில் ஒரு வெள்ளைக் கோடு சாய்வாக இறங்கியது. துடிப்பு நடுங்கியது, இடைவெளி விட்டது, மறுபடி ஒன்று, அப்புறம் இல்லை. டாக்டர் ஐந்து நிமிஷம் கருவியை எடுக்கவேயில்லை. "ரெண்டும் நல்லா இருக்கு" என்றார். சியைப் பற்றி ஒரு வார்த்தை யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். ஜெசிந்தா சிஸ்டர் ஜெல்லைத் துடைத்துவிட்டு என் புடவையைச் சரிசெய்தார், ரொம்ப மெதுவாக.

இப்போது பச்சைத் திரை போட்ட கட்டிலில் படுத்திருக்கிறேன். ஒரு மணி நேரம் படுக்கவேண்டும். கண்ணை மூடினால் அந்தக் கோடு. திறந்தால் கூரையில் ஈரக்கறை. சம்பத் மருந்து வாங்கப் போயிருக்கிறார், இந்தத் தடவை சீக்கிரம் வருவார் என்று நினைக்கிறேன். திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல், "அக்கா, தூங்கறீங்களா?" இல்லை என்றேன். "நான் இந்துஜாங்க, பல்லடம். இப்பத்தான் கரு வெச்சாங்க. அசையாம படுக்கச் சொல்லிட்டாங்க. தும்மல் வந்தா என்ன பண்றதுன்னு பயமா இருக்குங்க." "தும்மலாம்மா. ஒண்ணும் ஆகாது." கொஞ்சம் சிரித்தாள். இருபத்தெட்டு இருக்கும், குரலை வைத்துச் சொல்கிறேன். "உங்களுக்கு நின்னுதுங்களாக்கா?" "நின்னுது." "எத்தனைங்க?" ரெண்டு என்பது வாயில் தயாராக இருந்தது. இனிமேல் எல்லோருக்கும் அதைத்தான் சொல்லப்போகிறேன், மாமியாருக்கு, ஆபீஸில், வளைகாப்புக்கு வருகிறவர்களுக்கு. "மூணு" என்றேன். "இப்பத்தான் ஒண்ணை நிறுத்தினாங்க." அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும். சொல்லியிருக்கக்கூடாது, இவள் பயந்து நடுங்கிப் படுத்திருக்கிறாள், என் வாய்க்கு இடம் பொருள் தெரியாது. "எதுக்குங்கக்கா?" "மூணை என் உடம்பு தாங்காது. எல்லாமே போயிடும்னாங்க." "எனக்கும் மூணு வெச்சிருக்காங்க" என்றாள். "ஒண்ணாவது நிக்கட்டும்னு."

அந்த வாக்கியத்தை டாக்டர் எந்தக் குரலில் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "மூணும் நின்னா என்ன செய்வாங்கன்னு கேட்டியா?" "கேக்கலைங்க. அவங்களும் சொல்லலை. பேப்பர்ல இருந்துச்சோ என்னமோ, அது இங்கிலீஷ்ல இருந்துச்சு, எங்க போடணும்னு விரல் வெச்சுக் காட்டினாங்க, போட்டேன்." எனக்கு இங்கிலீஷ் தெரியும். எந்த டாக்டரின் கையெழுத்தையும் படித்துவிடுவேன், ஒவ்வொரு அட்டையையும் திருப்பித் தேதி பார்க்காமல் வெளியே கொடுத்ததில்லை. கரு வைத்த அன்றைக்கு அந்தப் பேப்பரில் ஏழு இடத்தில் நானும் விரல் வைத்த இடத்தில்தான் போட்டேன். ஒரு வரி படிக்கவில்லை. படித்தால் நின்றுவிடுமோ என்று பயம், ஆசைக்கு நடுவே ஒரு வார்த்தை குறுக்கே வந்துவிடக்கூடாது என்று பயம். இவளுக்கு இன்னும் மூன்றில் ஒன்றுகூட நிற்காமல் போகலாம். ஒன்று மட்டும் நிற்கலாம். இப்போது எதையும் எடுத்து வெளியே வைக்க முடியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது. தெரியாமல் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும்.

"அக்கா, வலிச்சுதுங்களா?" என்றாள். "வலிச்சுது" என்றேன். "சொல்லுங்கக்கா. எனக்கு இங்க யாரும் எதுவும் சொல்றதில்லைங்க." "உன் ஃபைல் எங்க இருக்கு?" "கால்மாட்டுல." "நான் எடுத்துக்கட்டுமா? தமிழ்ல படிச்சுச் சொல்றேன். வேண்டாம்னா வேண்டாம்." அவள் யோசித்தாள். அவசரப்படுத்தாமல் இருந்தேன். "படிங்கக்கா" என்றாள். கையூன்றி எழுந்தேன், பிளாஸ்திரி ஒட்டிய இடம் சுரீர் என்றது, திரையை ஒதுக்கிவிட்டு அவள் கால்மாட்டில் உட்கார்ந்தேன். மெலிந்த முகம், நெற்றியில் திருநீறு, கண் கூரையிலேயே இருக்கிறது, அசையக்கூடாதே. மூன்றும் நின்றால் என்ன செய்வார்கள் என்பது ஃபைலில் இரண்டாம் பக்கம், ஆறாவது வரியில் இருந்தது. இத்தனை நாளும் என் ஃபைலிலும் இதே இடத்தில்தான் இருந்திருக்கும். ஒரு தடவை எனக்குள் படித்தேன். அப்புறம், அவளுக்குப் புரிகிற மாதிரி, குறைப்பது என்கிற வார்த்தையைப் போடாமல், மெதுவாகச் சொல்லத் தொடங்கினேன்.